டொராண்டோவில் முதல் ஆறு மாதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியவை. கனடாவுக்குக் குடிபெயர்ந்து வரப்போகிறவர்களும், வந்து சில வாரங்களே ஆனவர்களும், கையில் உள்ள அளவான பணத்தை வைத்துக்கொண்டு எப்படிக் காலூன்றுவது என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்கார்பரோவில் நெடுங்காலமாக வாழ்கிறவள், புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தவள் என்ற முறையில், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்று நவம்பரில் டொராண்டோ வருகிறோம். பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் நான்கும். சேமிப்பும் என் கணவரின் பி.எஃப். பணமுமாக 29,000 டாலர் கையில் இருக்கும். வேலை கிடைக்கும்வரை இந்தப் பணம் தாங்குமா? நகரின் மையத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை இங்கிருந்தே ஓராண்டுக்குப் பேசி முடித்துவிடலாம் என்கிறார் என் நாத்தனார். செய்யலாமா? – ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி.

பதில்: கண்ணால் பார்க்காத வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். உங்கள் நாத்தனாருக்கு உங்கள் மேல் அக்கறை இருப்பது புரிகிறது. ஆனால் புதிதாக வருகிறவர்களின் பணம் காய்கறிக் கடையிலோ பேருந்திலோ கரைந்து நான் பார்த்ததில்லை. வந்து இறங்கிய பதற்றத்தில் போட்ட ஒன்றிரண்டு கையெழுத்துகளில்தான் கரைந்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு உறவினர் வீட்டிலோ, வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படும் அறையிலோ தங்குங்கள். அந்த நாட்களில் வீடுகளை நேரில் பாருங்கள். பள்ளியும் பேருந்து நிறுத்தமும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று நடந்தே பாருங்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். நகர மையத்தில் ஒரே படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீட்டுக்கே மாதம் 2,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அதே அளவு பணத்துக்கு ஸ்கார்பரோ போன்ற புறப்பகுதியில் இரண்டு படுக்கையறை கொண்ட பேஸ்மெண்ட் வீடு, அதாவது ஒரு வீட்டின் நிலவறைத் தளத்தில் அமைந்த வீடு, கிடைக்க வாய்ப்புண்டு. வாடகையை 2,000 என்று வைத்துக்கொண்டால், முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் சேர்த்துத் தொடக்கத்திலேயே 4,000 கொடுக்க வேண்டும். படுக்கை, பாத்திரங்கள், நான்கு பேருக்குமான குளிர்கால உடைகள், தற்காலிகத் தங்கல் ஆகியவற்றுக்கு 3,000 ஒதுக்குங்கள். எஞ்சுவது 22,000. வாடகை, உணவு, போக்குவரத்து, தொலைபேசி எல்லாம் சேர்த்து மாதம் 3,600 என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும், வருமானமே இல்லாமல் இந்தப் பணம் ஆறு மாதம்தான் தாங்கும்.

ஆனால் உங்கள் கணக்கில் ஒரு வரவு விடுபட்டிருக்கிறது. சி.சி.பி. எனப்படும் கனடா குழந்தை நல உதவித்தொகையைப் பெற நிரந்தர வசிப்புரிமையாளர்கள் வந்தவுடனேயே விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான காலத்துக்கு இதன் உச்சத் தொகை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர். ஆறு முதல் பதினேழு வயது வரையுள்ள குழந்தைக்கு 6,748 டாலர். உங்கள் இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 1,228 டாலர் ஆகிறது. இந்தத் தொகை ஒவ்வோர் ஜூலையிலும் திருத்தப்படுகிறது. குடும்ப வருமானம் கூடக் கூடக் குறையும். நீங்கள் இந்தியாவில் ஈட்டிய வருமானத்தையும் கனடிய டாலரில் மாற்றிக் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் சம்பாதித்த குடும்பம்கூட டாலர் கணக்கில் குறைந்த வருமானக் குடும்பமாகவே நிற்கும். இந்த உதவித்தொகையைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் சேமிப்பு ஆறு மாதத்துக்குப் பதிலாக ஒன்பது மாதம் தாங்கும். ஆர்.சி.66 படிவத்தோடு, புதிதாகக் குடியேறியவர்களுக்கான அதன் இணைப்புப் படிவத்தையும் வந்த முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். பணம் வரச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். தகுதி பெற்ற நாளிலிருந்து சேர வேண்டியதைச் சேர்த்தே தருவார்கள். இதோடு மறக்கக் கூடாத ஒன்று உண்டு. வருமானமே இல்லாவிட்டாலும் நீங்களும் உங்கள் கணவரும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30-க்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஜூலையிலிருந்து உதவித்தொகை நின்றுவிடும். "வரி கட்டும் அளவுக்கு எங்களுக்குச் சம்பளம் இல்லையே" என்று இருந்துவிட்டுப் பின்பு தவித்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்கு வயதுப் பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்தில் விட வேண்டியிருக்குமோ என்றும் அஞ்ச வேண்டாம். டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தில், நான்கு வயது நிறைகிற ஆண்டின் செப்டம்பரிலிருந்தே குழந்தைக்கு அரசுப் பள்ளியில் முழுநாள் மழலையர் வகுப்பு கட்டணமின்றி உண்டு. இருவரையும் ஒரே பள்ளியில் சேர்க்கலாம். அதற்கு முகவரிச் சான்றும் தடுப்பூசிப் பதிவேடும் கேட்பார்கள். பதிவேடு தமிழில் எழுதப்பட்டிருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள்.

எதைக் கொண்டுவருவது என்பது பற்றியும் சில சொற்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட். நம் ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே ஓடாது. அந்த எடையில் வேறு பொருளைக் கொண்டுவாருங்கள். குக்கர், இட்லிப் பானை, மூக்குக் கண்ணாடி அணிகிறவர்களுக்கு இன்னொரு கண்ணாடி ஆகியவை பயன்படும். பல் சிகிச்சை ஏதேனும் பாக்கி இருந்தால் திருச்சியிலேயே முடித்துவிடுங்கள், ஏனெனில் இங்கே பெரியவர்களுக்கான பல் மருத்துவம் பொதுக் காப்பீட்டில் அடங்காது. குளிர்கால மேலங்கியை மட்டும் இங்கே வாங்குங்கள். சென்னையில் வாங்குவது டொராண்டோவின் பிப்ரவரிக்குப் போதாது. சால்வேஷன் ஆர்மி, வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய பொருள் கடைகளில் நல்ல மேலங்கி குறைந்த விலைக்குக் கிடைக்கும். காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கால் நனைந்தால் குளிர் தாங்காது. நனைந்த காலோடு பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது பெரும் துன்பம்.

கேள்வி: நாங்கள் வந்து ஐந்து வாரம் ஆகிறது. எங்களுக்குக் கிரெடிட் ஸ்கோர் இல்லை என்பதால் ஆறு மாத வாடகையை முன்பணமாகவும், அதற்கு மேல் "டேமேஜ் டெபாசிட்" என்று 1,000 டாலரும் கேட்கிறார் வீட்டுக்காரர். சின் எனப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணையும் கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா? – ஒரு வாசகர், ஸ்கார்பரோ.

பதில்: வேண்டியதில்லை. ஒன்டாரியோவின் வாடகைச் சட்டப்படி, முதல் மாத வாடகையைத் தவிர, முன்பணமாக ஒரு மாத வாடகையை மட்டுமே வீட்டுக்காரர் கேட்கலாம். அந்தப் பணமும் நீங்கள் குடியிருக்கும் கடைசி மாதத்தின் வாடகைக்கே போக வேண்டும். சுவரில் கீறல் விழுந்தது, குழாய் பழுதானது என்று சொல்லி அதில் கை வைக்க அவருக்கு உரிமை இல்லை. சேத முன்பணம் கேட்பதே சட்டத்துக்குப் புறம்பானது. சாவிக்காக ஒரு சிறு தொகை கேட்கலாம், சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்பி வர வேண்டும். சின் எண் வேலைக்கும் வரிக்கும் உரியது. வாடகைக்கு அது தேவையில்லை, மறுப்பது உங்கள் உரிமை. அந்த எண் தவறான கைக்குப் போனால் உங்கள் பெயரில் வேறொருவர் கடன் வாங்க முடியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புதிதாக வந்தவரை ஒதுக்குவதை ஒன்டாரியோவின் மனித உரிமை விதிகள் ஏற்பதில்லை. ஆனால் சட்டத்தை எடுத்துக் காட்டினால் வீடு கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதனால் வங்கி இருப்புச் சான்று, வேலைக் கடிதம் இருந்தால் அது, ஊரில் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுதிய கடிதம், இங்கே உங்களை அறிந்த ஒருவரின் பரிந்துரை ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள். ஆறு மாத வாடகையை இழந்து நிற்பதைவிட இன்னும் இரண்டு வாரம் அலைவது மேல்.

ஒப்பந்தம் ஒன்டாரியோ அரசின் பொதுப் படிவத்தில் எழுதப்பட வேண்டும். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு இது கட்டாயம். வாடகையில் சூடேற்றும் செலவு, ஹைட்ரோ என்று இங்கே சொல்லப்படும் மின்கட்டணம், இணையம், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றில் எவை அடங்கும் என்பதைப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் ஜனவரி மாதத்துக் கட்டணச் சீட்டு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். வாடகையைக் கையில் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்; கேட்டால் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

நீங்கள் பார்ப்பது பேஸ்மெண்ட் வீடாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரின் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் இடமாக இருந்தால், மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. வாடகை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கின்றனவா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு படிக்கட்டும், பிள்ளைகூட நுழைய முடியாத சிறு சன்னலும் உள்ள இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: பழைய கார் ஒன்றைத் தவணையில் வாங்கிவிட்டால் வேலை தேட வசதியாக இருக்குமா? – ஒரு வாசகர், பிராம்டன்.

பதில்: வேலை கிடைக்கும்வரை வேண்டாம். காரின் விலையைவிடக் காப்பீடுதான் உங்களை அழுத்தும். இங்கே ஓட்டிய வரலாறு இல்லாத புதியவருக்குக் கட்டணம் அதிகம். அதிலும் பிராம்டன், ஒன்டாரியோவிலேயே கார்க் காப்பீடு மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்று. டொராண்டோவின் டி.டி.சி. பேருந்திலும் சுரங்க ரயிலிலும் பிரெஸ்டோ அட்டைக்குப் பெரியவருக்கு 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே கட்டணம்தான். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. 2024 பிப்ரவரி முதல் பிராம்டன், மிசிசாகா, யார்க், டர்ஹம் பேருந்துகளிலிருந்து டி.டி.சி.க்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் எடுப்பதில்லை. முன்பு இரு முறை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஊரில் ஓட்டிய அனுபவத்துக்குச் சான்றாக உரிமம் வழங்கிய அலுவலகத்தின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவத்தை அதனால் நிரூபித்தால், எழுத்துத் தேர்வுக்குப் பின் நீண்ட காத்திருப்பு இல்லாமல் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் பதினோரு ஆண்டுகள் கணக்குத் துறையில் மேலாளராக இருந்தேன். இங்கே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைதான் கிடைக்கிறது. அதை ஏற்றால் என் துறைக்குத் திரும்பவே முடியாது என்கிறார்கள் சிலர். சேமிப்பு தீர்ந்துவிடும் என்கிறாள் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது? – ஒரு வாசகர், மார்க்கம்.

பதில்: உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதில் உறுதியாக இருங்கள். ஒன்டாரியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். வாரம் நாற்பது மணி நேரத்துக்குப் பிடித்தங்களுக்கு முன் மாதம் ஏறக்குறைய 3,050 டாலர் வரும். வாடகையும் மளிகையும் அதில் அடங்கிவிடும் என்பதால் மனத்திலிருக்கும் அச்சம் தணியும். அச்சம் தணிந்தவரால்தான் நேர்காணலில் நிமிர்ந்து பேச முடியும். கிடங்கு வேலை உங்களை விழுங்குவது அதன் தன்மையால் அல்ல. கூடுதல் பணத்துக்காக வாரம் அறுபது மணி நேரம் என்று ஏற்றுக்கொண்டு, மாலையில் படிக்கவோ விண்ணப்பிக்கவோ உடம்பில் தெம்பில்லாமல் போவதால்தான். சிலர் அப்படியே பத்தாண்டுகளைக் கழித்துவிட்டதை அருகிலிருந்து பார்த்த வருத்தத்தோடு இதை எழுதுகிறேன்.

நிரந்தர வசிப்புரிமையாளர்களுக்கு லிங்க் எனப்படும் ஆங்கில வகுப்புகளும், கூட்டரசின் நிதியில் இயங்கும் குடியேற்ற உதவி அமைப்புகளின் வேலை ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உங்கள் ஆங்கிலம் நன்றாகவே இருக்கலாம். இருந்தாலும் இங்கத்திய அலுவலகத்தின் பேச்சு முறைக்கும் கடித முறைக்கும் பழகுவதற்கு அந்த வகுப்பு உதவும். பட்டத்தை மதிப்பீடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைத் தேர்வுக்கோ பயிற்சிக்கோ பணம் தேவைப்பட்டால், வெளிநாட்டில் படித்துவந்தவர்களுக்காகவே குறைந்த வட்டியில் கடன் தரும் விண்ட்மில் மைக்ரோலெண்டிங் என்ற தொண்டு அமைப்பை அணுகலாம். இங்கத்திய கடன் வரலாறு இல்லாதவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். "கனடிய அனுபவம் வேண்டும்" என்ற வரி பல ஆண்டுகளாக நம்மவர்களின் கதவை அடைத்தது. 2026 ஜனவரி 1 முதல், இருபத்தைந்து பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் ஒன்டாரியோவில் தங்கள் வேலை விளம்பரங்களில் அந்த வரியை எழுதக் கூடாது.

ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனால் சம்பளச் சீட்டு வருகிறதா என்று பாருங்கள். "கையில் காசு" வாங்கும் வேலையில் அடிபட்டாலோ வேலை போனாலோ நீங்கள் அங்கே உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இராது.

கேள்வி: மருத்துவச் செலவை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. வந்த உடனே தனியார் காப்பீடு எடுக்க வேண்டுமா? – ஒரு வாசகி, மதுரை.

பதில்: ஒன்டாரியோவுக்கு வருவதாக இருந்தால் ஓஹிப் எனப்படும் பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வந்தவுடன் விண்ணப்பியுங்கள். முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. வேறு மாகாணமானால் விதி மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காத்திருப்பு உண்டு, அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுப்பது நல்லது. மருத்துவரைப் பார்ப்பதும் மருத்துவமனைச் சிகிச்சையும் ஓஹிப்பில் அடங்கும். வெளியில் வாங்கும் மருந்துகள் பெரியவர்களுக்குப் பொதுவாக அடங்காது. தனியார் காப்பீடு இல்லாத இருபத்துநான்கு வயது வரையுள்ளவர்களுக்குப் பெரும்பாலான மருந்துகள் இலவசம். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவத்துக்கு ஹெல்தி ஸ்மைல்ஸ் திட்டம் இருக்கிறது. பெரியவர்கள் முதல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு கூட்டரசின் பல் மருத்துவத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். "சீட்டுக் கட்டினால்தான் இங்கே நாலு காசு சேரும்" என்று பெரியம்மா தாம் நடத்தும் சீட்டில் சேரச் சொல்கிறார். மறுத்தால் மனம் நோவார். என்ன செய்வது? – ஒரு வாசகி, ஸ்கார்பரோ.

பதில்: இங்கு வந்த நம்மவர்கள் பலர், வங்கிகள் முகம் கொடுக்காத காலத்தில், சீட்டை வைத்தே வீட்டுக்கு முன்பணம் சேர்த்தார்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல், இங்கே உறவு வட்டத்தில் நடக்கும் சீட்டுக்கு எந்தப் பதிவும் இல்லை. இடையில் ஒருவர் கட்டாமல் போனால், உங்களுக்குப் பணமும் போகும், உறவும் போகும். மாதாமாதம் தவறாமல் கட்டினாலும் அது உங்கள் கிரெடிட் ஸ்கோரில் ஏறாது. ஆறு மாத வாடகையும் உணவும் தனியே கையிருப்பில் சேரும்வரை சேர வேண்டாம். பெரியம்மாவிடம், "வேலை நிரந்தரமானதும் சேர்கிறேன், இப்போது ஒரு மாதம் தவறினாலும் உங்கள் பெயருக்குத்தான் கெடுதல்" என்று சொல்லுங்கள். அவர் பொறுப்பான சீட்டுக்காரராக இருந்தால் அந்தக் கவலையை அவரே புரிந்துகொள்வார்.

கிரெடிட் ஸ்கோர் ஏற, வங்கியில் சிறு தொகையை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். பேருந்து அட்டைக்கும் தொலைபேசிக் கட்டணத்துக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தி, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் தவணை நாளுக்குள் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு ஏறும் வட்டி ஆண்டுக்கு இருபது சதவீதத்தை ஒட்டியிருக்கும்.

கேள்வி: இரண்டு மாதமாக என் கணவருக்கு வேலை இல்லை. உணவு வங்கிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் இத்தகைய உதவிகளைப் பெற்றால் பின்னாளில் குடியுரிமை கிடைக்காது, பெற்றோரையும் அழைக்க முடியாது என்று தோழி ஒருவர் அச்சுறுத்துகிறார். உண்மையா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்: உணவு வங்கிக்குப் போவதாலோ குழந்தை நல உதவித்தொகை பெறுவதாலோ உங்கள் குடியுரிமைக்கு எந்தத் தடையும் இல்லை. குடியுரிமைக்கு முதலில் பார்ப்பது, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்கிறீர்களா என்பதையும், வரிக் கணக்கைத் தாக்கல் செய்தீர்களா என்பதையுமே. உங்கள் தோழி குழப்பிக்கொண்டது வேறொன்றாக இருக்கலாம். மாகாண அரசின் சமூக நல உதவியில், உடல் ஊனத்துக்கானதைத் தவிர்த்த வகையில், இருப்பவர் அந்தக் காலத்தில் உறவினருக்கு ஸ்பான்சர் செய்ய முடியாது. பெற்றோரை அழைக்கத் தொடர்ந்து மூன்று ஆண்டு வருமானத்தையும் காட்ட வேண்டும். உணவு வங்கிக்கும் அந்த விதிக்கும் தொடர்பில்லை.

சாப்பாட்டுக்குக் கை நீட்டுவதா என்ற உங்கள் தயக்கம் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் குறைத்து வாங்கத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது என் மனம் கலங்கியது. அந்த நிலைக்கு வரும்முன்பே போயிருக்க வேண்டும், சகோதரி. 211 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். கட்டணம் இல்லை. "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் அருகிலுள்ள உணவு வங்கி எது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வார்கள். அடையாள அட்டையையும் முகவரி உள்ள ஒரு கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மரக்கறி உணவு மட்டும் உண்பவர்கள் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை இருந்தால் அவற்றையே தரச் சொல்லிக் கேட்கலாம்.